அட்டைக்குப் பின்னால் உருளும் பகடை

விளையாட்டில் அக்காவின் திருடி இந்த வாரமும் விழவில்லை. மாடத்திலிருந்து குட்டிக்கரணம் போட்டு, காவலாளியின் தோளில் ஒரு கால் வைத்து, தொங்கும் விளக்கைப் பிடித்து ஆடி, பூனை மாதிரி இறங்கினாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையின் சத்தம் ஓய்வதற்குள்ளேயே, "தாண்டிட்டக்கா!" என்றான் தம்பி.

ஓய்வதற்குள்ளேயே. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஞாயிறு மதியமானால், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லியே ஆடும் அந்தப் பகடை விளையாட்டுக்காக மூன்று பேரும் கூடத்து மேசையைப் பிடித்துவிடுவார்கள். தம்பி கதையை நடத்துவான், விதிப்புத்தகம் அவனிடம். அக்கா திருடி. எதிர்வீட்டு முடிதிருத்துபவர், எல்லோருக்கும் 'மீசை', கோடரி வீரர். சண்டைக்கு நடுவே தாவவோ கரணம் போடவோ ஆசைப்பட்டால் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். வித்தை கடினமாக ஆக, பெரிய எண் வர வேண்டும். வராவிட்டால் தரையில் மல்லாக்கக் கிடக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் அவரவர் பகடையை அவரவரே, எல்லோர் கண்ணெதிரே உருட்டினார்கள்.

அக்கா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள். ஏழு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தம்பி. செல்போன் ஒலித்ததும் கையை எடுத்தான். அன்றிலிருந்து 'விழுந்தாள்' என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அந்த விஷயம்' என்பார்கள், அவள் யாருடனோ ஓடிப்போய்த் திரும்பி வந்த மாதிரி.

ஊன்றுகோலோடு அவள் மேசைக்குத் திரும்பிய வாரம்தான் தம்பி புது விதி போட்டான். "தாவலுக்கெல்லாம் இனிமே நானே மறைவா உருட்டுறேன். த்ரில்லா இருக்கும்."

"எனக்கு மட்டும் த்ரில் ஜாஸ்தியா இருக்குப்பா," என்றார் மீசை. அதற்குள் நாலு தடவை மண்ணைக் கவ்வியிருந்தார்.

அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அவளுடைய தாவல்கள் பத்தொன்பது. ஒன்றுகூடப் பிசகவில்லை. பொய் சொன்னால் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே காது சிவக்கும். இப்போது பழம்போலச் சிவந்திருந்தது. பாவம் பார்க்கிறான் பயல்! ஆஸ்பத்திரியில் நர்ஸ் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனபோதுகூட அவளுக்கு இவ்வளவு கேவலமாக இல்லை.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ரெண்டு மாடத்துக்கும் நடுவுல கட்டியிருக்கிற கொடிக்கயித்து மேல ஓடுறேன்," என்றாள். "முடிவுல ரெண்டு கரணம்."

"ஏம்மா, உடம்பு ஒழுங்கா இருக்கிறது புடிக்கலையா?" என்ற மீசை, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தம்பி அட்டைக்குப் பின்னால் பகடையை எடுத்தான். "பதினெட்டு வரணுமேக்கா..." பகடை உருண்டது. "வந்துடுச்சு! பத்தொம்பது!"

அக்கா ஊன்றுகோலை நீட்டி அட்டையைத் தட்டிவிட்டாள். பகடையில் நாலு.

மீசை மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"இந்த மாதிரி எத்தனைடா?"

"எல்லாமே இல்லக்கா. பாதி நிஜமாவே வந்துச்சு."

"எந்தப் பாதி?"

அவனுக்குத் தெரியவில்லை.

"நிஜமாத் தாண்டினதையும் சேத்து நாசம் பண்ணிட்டியேடா." "சொல்லு. நாலு வந்தா என்ன ஆகும்?"

"வேணாம்க்கா..."

"சொல்லுடா!"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "விழுந்துட்டக்கா," என்றான். "நான்தான்... கைய எடுத்துட்டேன்."

விளையாட்டில் யாரும் எந்தக் கையையும் எடுக்கவில்லை. மீசைக்கும் அது தெரியும்; அவர் விசிறியை விட்டுக் கண்ணை இறக்கவேயில்லை. அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அவனிடமிருந்து கேட்க நினைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது.

"சரி. விழுந்தவ எழுந்திருக்க விதியில என்ன போட்டிருக்கு?"

அவனுக்கு மனப்பாடம்தான். ஆனாலும் புத்தகத்தைத் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே விரல் வைத்துப் படித்தான். "எழுந்திருக்கலாம். அந்தத் தடவை நடக்கிற தூரத்துல பாதி போயிடும்."

"மீதிப் பாதி இருக்குல்ல," என்று பகடையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள் அக்கா. "எழுந்திருக்கிறேன்."