பூங்காவனத்தை அனுப்பி வைத்த வகுப்பு

குறிப்புகளைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னால், எங்கள் ஏழாம் வகுப்பின் முப்பத்து நான்கு பிள்ளைகளும் நோட்ஸில் இருக்கும் ஒரே கதையை எழுதி, கீழே ‘நீதி’ என்று போட்டுக் கோடு இழுத்துவிடுவார்கள். திருத்தித் திருத்தி எனக்கு வெறுத்துப்போனது. அதனால்தான், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாமே ஒரு ஆளை உருவாக்கலாம் என்றேன். விதி ஒன்றுதான்: அதிகம் பேர் கை தூக்குவதை நான் போர்டில் எழுதுவேன். டீச்சருக்கு ஓட்டு கிடையாது.

அப்படிப் பிறந்தவள்தான் பூங்காவனம். வயது நாற்பத்தெட்டு. என் வயதும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. நூம்பலில் தனியாக இருக்கிறாள்; ஒரே மகள் கோயம்புத்தூரில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். யாராவது சாம்பாரைக் குறை சொன்னால் கரண்டியோடு வெளியே வந்துவிடுவாள். வாராவாரம் பிள்ளைகள் அவளை வளர்த்தார்கள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது மட்டும் நான். அம்மா இறந்த பிறகு வெள்ளானூர் ஃபிளாட்டில் நான் ஒண்டிக்கட்டை. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை வரை வாய்க்கு வேலையில்லை. ஒரு நாள் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. “என்னடி பூங்காவனம், வாயில வைக்க முடியுதா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். “துன்னு துன்னு, சாவ மாட்டே” என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தாலும் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். பிறகு தினமும் பேச்சுதான். அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வாள் என்று போர்டில் ஒரு வரியைத் திருட்டுத்தனமாகச் சேர்த்தும் விட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை, இனி அந்த பீரியடில் தேர்வுப் பயிற்சிதான் என்று சொல்லிவிட்டார். கதையை அன்றே முடிக்க வேண்டும்.

“கோயம்புத்தூர்லர்ந்து பொண்ணு வந்து கூட்டிகினு போயிடுது மிஸ்,” என்றாள் நிவேதிதா.

“இங்கேயே இருக்கட்டுமே,” என்றேன். “எப்பவும் போல கேன்டீனுக்குப் போவாங்க, வருவாங்க.”

“அதெல்லாம் முடிவே இல்ல மிஸ்!” வகுப்பே கத்தியது.

சபீனா எழுந்தாள். பாடத்தைக் கேட்டால்கூட வாய் திறக்காத பெண். “எத்தினி நாளைக்கு மிஸ் செவுத்தாண்ட பேசிகினு இருப்பாங்க? பாவம் மிஸ். போவட்டும்.”

முப்பத்து நான்கு கைகளும் மேலே போயின. நான் வைத்த விதியை நானே மீற முடியுமா? மகள் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, பூங்காவனம் பஸ் ஏறிவிட்டாள் என்று எழுதினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளுக்குத் துணை கிடைத்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் அழுகை முட்டியது. போர்டைப் பார்த்தபடியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். “போய்ச் சேர்ந்துட்டியாடி?” என்று கேட்டேன். கோயம்புத்தூருக்குப் போனவள் வெள்ளானூரில் எப்படிப் பதில் சொல்வாள்?