காய்ச்சல் இல்லாத பிள்ளை

அனலைதீவில் எந்தத் தாயும் காய்ச்சல்காரப் பிள்ளையைச் சூடு தணிக்கிற பனடோல் கொடுக்காமல் வள்ளத்தில் ஏற்றமாட்டாள். இன்ஜின் புகையும் அலையும் சுகதேகியையே பிரட்டி எடுத்துவிடும், காய்கிற பிள்ளை என்ன பாடுபடும்! மேரிசுகந்தியும் அப்படித்தான் கொடுத்தாள். அதில் என்ன குற்றம்?

மகள் யூலியானாவுக்கு எட்டு வயது. குடல்வால் வெடித்து, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, தைத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு திரும்பவும் காய்ச்சல், அடிவயிற்றில் நோ, சளி சளியாக வயிற்றோட்டம். இரண்டு தரம் பனடோல் கொடுத்து, வள்ளமேறி, ஊர்காவற்றுறையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு தரமும் அங்கே போய்ச் சேரும்போது பிள்ளையின் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

“காய்ச்சல் இல்லையே அம்மா. தையலும் ஆறியிருக்கு. சும்மா வெருளாதேங்கோ” என்றான் இளம் டொக்டர். வயிற்றைத் தொட்டும் தொடாமலும் பார்த்த கை அது. பாழாய்ப்போன கை!

மூன்றாம் தரம் குடித்த பனடோலை யூலியானா நடுக்கடலிலேயே சத்தி எடுத்துவிட்டாள். நெருப்பாகக் கொதித்தபடி போய்ச் சேர்ந்தாள். அப்போதுதான் எல்லாருக்கும் கண் திறந்தது. ஸ்கான் எடுத்தார்கள். அடிவயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. ஸ்கானில் பார்த்துப் பார்த்தே குழாய் விட்டார்கள். கட்டிலடியில் தொங்கிய பைக்குள் மஞ்சளாக இறங்கியதையே மேரிசுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டொக்டர் வந்தார். “இவ்வளவு நாளும் என்ன செய்தனீர்?”

“ரெண்டு தரம் கொண்டு வந்தனான் டொக்டர்.”

“அப்ப காய்ச்சல் இருக்கேல்லையே?”

“பனடோல் குடுத்தெல்லோ வள்ளத்தில ஏத்தினனான்.”

“அதை ஏன் சொல்லேல்லை?”

‘ஆர் கேட்டவை?’ என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பிள்ளை அவர்கள் கையில் அல்லவா கிடக்கிறது! அவர்கள்மேல் வந்த ஆத்திரம் முழுவதும் தன் கையின்மேலேயே திரும்பியது. அந்தக் கைதானே குடிக்கக் கொடுத்தது?

குழாயும் ஊசிமருந்துமாகக் கிடந்து, எலும்பும் தோலுமாய் யூலியானா எழும்பினாள். வீடு திரும்பும்போது, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளமேற முதல், பழக்கத்தில் தாயைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“பனடோல் தரேல்லையே அம்மா?”

“இல்லைப் பிள்ளை” என்றாள் மேரிசுகந்தி. “இனிக் காய்ஞ்சாலும் கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டு போவன். அப்பதான் டொக்டர்மாருக்குக் கண் தெரியும்.”