எல்லோரும் காணாமல் போகும் நாள்

மான் வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை. ஐவர் தன் துப்பாக்கியை வாங்க வரவில்லை.

அது என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. மாரித் இறந்த பிறகு அவனே கொண்டு வந்தான். "கொஞ்ச நாள் உங்கிட்ட இருக்கட்டும், சிகாகோ" என்றான். நான் வந்த ஊர்தான் இங்கே என் பேர். நான் எதுவும் கேட்கவில்லை. போருக்குப் போய் வந்தவர்கள் இப்படிக் கொடுத்து வைப்பது எங்கள் பக்கம் உண்டு. வாங்கிக்கொள்பவன் காரணம் கேட்பதில்லை. வேட்டை தொடங்கும் அன்று விடியுமுன் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

ஐவர் மாரித்தின் தம்பி. மாரித் என் மனைவி. பிப்ரவரியில் இறந்தாள்.

விடிந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. மலைமுகட்டில் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. பெரிய வீடு ஒன்றில் யாரோ கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவது போல இருந்தது. மேஜைமேல் எடுத்து வைத்திருந்த துப்பாக்கியை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காரை எடுத்தேன்.

மாமியார் சிக்ரிட் சமையலறையில் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். கூரைவரை ஆவி.

"என்ன, நீ மட்டும் வர்ற? அவன் எங்க?"

"அவன் துப்பாக்கி எடுக்க வரலம்மா."

தேய்க்கும் கட்டை நின்றது.

"இருட்டுலயே வண்டி கிளம்புற சத்தம் கேட்டுதே. வேட்டைக்குப் போடற ஆரஞ்சு சட்டைகூட ஆணியில இல்ல. உங்கிட்டதான் வர்றான்னு நினைச்சேன்."

மாடிக்குப் போனேன். போன் கட்டிலில் கிடந்தது. ஜன்னலோரம் மாத்திரை டப்பா. அதில் புதன்கிழமையிலிருந்து எந்தக் கட்டமும் திறக்கப்படவில்லை. மாத்திரைகள் அந்தந்தக் கிழமைக்குள் வண்ண வண்ணமாகத் தூங்கின.

போன் செய்ததும் ஷெரிஃபின் காவல் அலுவலகத்திலிருந்து பிஷ்கே வந்தாள். மாரித்தோடு பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவள்.

"அம்மா, இன்னிக்கு வேட்டைக்குப் போய் மொத்த மாவட்டமுமே காணாமப் போயிருக்கு. என் புருஷன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது. அப்பாடான்னு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மாத்திரை டப்பாவை அவள் முன் வைத்தேன். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள்.

"இதுக்கு முன்னாடி அவன் ஏதாவது சொன்னானா?"

"கோடையில ஆத்துப் பாலத்தைப் பத்திப் பேசினான்" என்றார் சிக்ரிட். "ஒரே ஒரு தடவை. அப்புறம் டாக்டர்கிட்ட ஒழுங்காப் போனான்."

"அப்ப பச்சை எச்சரிக்கை விட்டுடலாம். இந்த மாதிரி ராணுவத்துல இருந்துட்டு வந்தவங்களுக்குன்னே இருக்கறது. எல்லா ஸ்டேஷனுக்கும் போகும், ஹைவே பலகையில வரும், பதிவு பண்ணினவங்க போன்ல வரும்."

"பேரோடயா?"

"பேர், போட்டோ, வண்டி நம்பர்."

"ஆபத்துல இருக்கான்னும் போடுவியா?"

"அதுக்குத்தானம்மா அது."

சிக்ரிட் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சர்ச்சுல எல்லார் கையிலயும் போன் இருக்கு. நாளைக்கு அவன் அவங்க நடுவுலதானே போய் உக்காரணும்? பாவம்னு பாப்பாங்க. அவனால அதைத் தாங்க முடியாது."

"திரும்பி வரட்டும். வந்து என்னை நல்லாத் திட்டட்டும். நான் நின்னு வாங்கிக்கறேன்" என்றாள் பிஷ்கே.

பிறகு சிக்ரிட் கையைத் துடைத்துக்கொண்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த படத்தை எடுத்தார். ஐவர் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"இதுல சிரிக்கிறாம்மா" என்றாள் பிஷ்கே மெதுவாக. "இப்ப பாத்தா எப்படி இருப்பானோ அப்படி ஒண்ணு வேணும்."

என் போனில் ஒன்று இருந்தது. மாரித்தின் அடக்கத்தன்று எடுத்தது. அவன் நின்ற பாதியை மட்டும் வெட்டி அனுப்பினேன்.

சிக்ரிட் வீட்டிலேயே இருந்தார். குடும்பத்துக் காட்டை இரண்டு காவலர்கள் பார்க்கப் போனார்கள். நானும் பிஷ்கேவும் ஆற்றுப் பாலத்துக்குக் கிளம்பினோம். வழியில் என் போன் அதிர்ந்தது. திறந்தேன். ஐவர் ஸ்டென்ஸ்லி, வயது முப்பத்து மூன்று, சாம்பல் நிறப் பிக்கப் வண்டி, ஆரஞ்சு மேல்சட்டை. ஆரஞ்சும் பிக்கப்பும். அன்றைக்கு மாநிலத்தில் பாதிப் பேரின் அடையாளம் அது.

ஹைவேக்கு மேலே பலகை தெரிந்தது. மூடுபனி அதன் கால்களை விழுங்கியிருந்ததால் எழுத்துகள் ஆகாயத்தில் தனியாக நின்றன. கீழே சாலையில் எங்கள் வண்டி மட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிஷ்கே வேகத்தைக் குறைத்தாள். "இது யாருக்குக் காட்டிக்கிட்டு இருக்கு?"

அவளே தொடர்ந்தாள்.

"எல்லாரும் மரத்து மேல பரண்ல இருக்காங்க. போனை அணைச்சு வெச்சிருப்பாங்க, சத்தம் வந்தா மான் போயிடும்னு. என் புருஷனே வீட்லயே வெச்சுட்டுப் போயிடுவான். வருஷத்துல ஒரே நாள், ஒருத்தர்கூட எதையும் பாக்காத நாள். இன்னிக்குப் போய் விட்டிருக்கோம் பாரு."

பாலத்தில் யாரும் இல்லை. வண்டியும் இல்லை. கீழே ஆறு அசையாமல் இருந்தது போலத் தெரிந்தது. வாத்துக் கூட்டம் ஒன்று பனிக்குள் நுழைந்து, சத்தம் மட்டும் வெளியே மிஞ்சியது. கைப்பிடியை நெடுக விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். ஈரம் எங்கும் கலையாமல் இருந்தது; யார் கையும் பட்டிருக்கவில்லை.

"சாயங்காலம் பூஜ்யத்துக்குக் கீழ நல்லா இறங்கிடுமாம்" என்றாள் பிஷ்கே. "மாத்திரை இல்லாம, சாப்பாடு இல்லாம எங்கயாவது உக்காந்திருந்தான்னா..." வண்டிக்குத் திரும்பினாள். "ஆர்லன் பாருக்குப் போவோம். மத்தியானம் சூப் குடிக்க இறங்கி வருவாங்க."

வந்திருந்தார்கள். உள்ளே எல்லாம் ஆரஞ்சு. ஈரக் கம்பளி நெடி, பொரித்த பாலாடைக்கட்டியின் மணம். ஆட்டம் காட்டும் திரையில் ஐவரின் முகம். அதன் கீழே உட்கார்ந்து ஆண்களும் பெண்களும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்னைப் பார்த்ததும் இடம் விட்டார்கள்.

ஆர்லன் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். பாரின் சொந்தக்காரன். காலையில் தன் காட்டில் இருந்துவிட்டு, கடை திறக்க வந்தவன்.

"சிகாகோ, ஒண்ணு சொல்லட்டுமா. காலைல நான் வெளிய வர்றப்போ பழைய ஆப்பிள் தோட்டத்துக்கு மேல ஒரு பரண்ல ஆள் உக்காந்திருந்துச்சு. ஆரஞ்சு தெரிஞ்சுது. கையைத் தூக்கினேன். அந்த ஆளும் தூக்கினான்."

"முகம்?"

"பனியில முகம் எங்க தெரியும்?"

"நானும் பாத்தேன்" என்றார் மூலையில் ஒரு பெண். "விடிஞ்சப்பறம். அசையவே இல்ல. நல்ல வேட்டைக்காரன்னு நினைச்சேன்."

"துப்பாக்கி இருந்துச்சா?" பிஷ்கே கேட்டாள்.

ஆர்லன் யோசித்தான். "பாக்கல. அடுத்தவன் பரண்கிட்ட யாராவது போய் நிப்பாங்களா? அவன் மானை விரட்டுனா அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டான்." குரல் இறங்கியது. "கை தூக்கினான்டா. கை தூக்கினவனுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே வந்துட்டேன்."

ஆப்பிள் தோட்டத்துக்கு மேல். அது மாரித்தின் பரண். போன இலையுதிர்காலத்தில் அரசாங்கக் காட்டின் ஓரத்தில் அவளும் ஐவரும் கட்டியது. நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். காலையிலிருந்து எனக்கு அது தோன்றவில்லை. மாரித்தின் இடங்களை நான் நினைப்பதில்லை.

சொன்னேன். பிஷ்கே எழுந்தாள். "நான் சாலைப்பக்கமா சுத்தி வர்றேன், ஆம்புலன்ஸைக் கூட்டிக்கிட்டு. நீ தோட்டத்து வழியா ஏறு. உன் முகம்னா அவனுக்குத் தெரியும்."

வாசலில் ஆர்லன் தன் ஆரஞ்சு சட்டையை என்மேல் எறிந்தான். "போட்டுக்க. இல்லேன்னா உன்னைத் தோலுரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

தோட்டத்துக்குக் கீழே பிஷ்கே என்னை இறக்கிவிட்டுப் போனாள். சாலையோரம் வரிசையாகப் பிக்கப் வண்டிகள். நடுவில் ஒன்று ஐவருடையது. எத்தனை பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள். எண்ணெய் விளக்கின் சிம்னி போலக் கண்ணாடியெல்லாம் உள்ளே மங்கியிருந்தது. கதவு பூட்டவில்லை. இருக்கையில் ஒன்றும் இல்லை.

ஏறினேன். முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கின, விழுவதற்கு அவசரமே இல்லாதவை போல. பறிக்காத ஆப்பிள்கள் கிளைகளில் கறுத்துச் சுருங்கியிருந்தன. அதற்கு மேலே காடு. அங்கங்கே மரங்களின் நெஞ்சுயரத்துக்கு மேல் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, மறைந்தது. அந்த மனிதர்கள் யாரும் அசையவில்லை. ஒரு தேவாலயத்துக்குள் செருப்புச் சத்தத்தோடு நடப்பது போல அவர்களுக்குக் கீழே நடந்தேன்.

"ஐவர்!"

ஒரு மரம் சீறியது. "டேய் சிகாகோ! நடக்கறதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"ஐவரைக் காணோம். போனை எடுத்துப் பாருங்க."

மேலே ஒரு சின்ன வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

ஐவர் மாரித்தின் பரணில் இருந்தான். கை இரண்டும் தொடைக்கு நடுவில். தொப்பியிலும் தோளிலும் பனி படிந்து கரையாமல் இருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"கத்தாத. அவ வர்ற நேரம்."

"யாரு?"

"மாரித். இருட்டுல அவதான் கொண்டு வந்து விட்டா."

ஸ்டென்ஸ்லி குடும்பத்தில் அது சட்டம். ஒருவர் இன்னொருவரைப் பரணுக்குக் கொண்டு விடுவார். விட்டவர் வந்து கூப்பிடும்வரை மேலே இருப்பவர் இறங்கக் கூடாது. யார் எந்த மரத்தில் என்று தெரியாமல் ஒரு குண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அவர்கள் அப்பா போட்டது. ஐவரை எப்போதும் மாரித்தே விடுவாள்.

ஏணியில் ஏறினேன். பரண் இருவருக்கானது. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, ஆரஞ்சு சட்டையை மட்டும் போட்டுக்கொண்டேன். கைகளை எடுத்து என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். மரக்கட்டை போல இருந்தன.

"எப்படி இருந்தா?" என்று கேட்டேன். கேட்பேன் என்று நினைக்கவில்லை.

"எப்பவும் போலத்தான். எனக்கு முன்னாடி நடந்தா. டார்ச் அடிக்கல. ஒரு தடவை நின்னு மூக்கு சிந்தினா."

அவள் அப்படித்தான் செய்வாள். குளிரில் அவளுக்கு மூக்கு ஒழுகும். கையுறையின் முதுகில் துடைப்பாள்.

கீழே பாதை வெள்ளையாகிக்கொண்டிருந்தது. வளைவுவரை தெரிந்தது, பிறகு பனி. அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாராவது வந்தால் இந்த வளைவில்தான் வரவேண்டும். எனக்குக் குளிரவில்லை. இருந்துவிடலாம் போல இருந்தது. ஒரு பெண்மான் மரங்களுக்கிடையே வந்து நின்றது. மூக்கை உயர்த்தியது. போய்விட்டது.

ஐவரின் தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. கண்ணிமை மூடத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த பயம்.

"ஐவர். மாரித் செத்துட்டா."

அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போய்விட்டாள், இல்லை, என்றுதான் சொல்லியிருந்தேன்.

கண்ணைத் திறந்தான். "தெரியும்."

"அப்ப ஏன்டா உக்காந்திருக்க?"

"நான் இறங்கிட்டா, அவ வந்து பாக்கறப்போ ஆள் இருக்காதே."

"அவ வர மாட்டா. கூப்பிட வர்றதுக்கு நான்தான் மிச்சம். வந்திருக்கேன். இறங்கு."

"நீ இந்த வீட்டு ஆளே இல்ல. சிகாகோக்காரன்." உதட்டோரம் ஏதோ அசைந்தது. பிறகு, "அன்னிக்கு என்னடா ஆச்சு? எங்க யார்கிட்டயும் நீ சொல்லவே இல்ல. அம்மா கேக்கவும் மாட்டாங்க. நான் மாத்தி மாத்தி யோசிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி செத்துப் போறா."

எனக்கு அது தெரியாது. என் ஒருவனுக்குள் மூடி வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"இறங்கு, சொல்றேன்."

"சொல்லு, இறங்கறேன்."

நான் முதலில் இறங்கினேன். அவன் கால்கள் மரத்துப்போயிருந்தன. ஒவ்வொரு பூட்ஸையும் கையால் பிடித்து அடுத்த படியில் வைத்தேன். வைத்துக்கொண்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன். சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள் என்றேன். தலை வலிக்கிறது என்று சொன்னாள், நான் மாத்திரை எடுக்க மாடிக்குப் போனேன் என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல மரத்தில் பட்டு வந்தது. அவன் ஒவ்வொரு படியிலும் நின்று கேட்டான்.

"ரேடியோல என்ன?"

"மாட்டுத் தீவன விலை."

"அதையா கேட்டா?"

"அவளுக்குப் பிடிக்கும். அந்த ஆள் குரல் பிடிக்கும்னு சொல்லுவா."

ஐவர் சிரித்தான். அல்லது குளிரில் பல் தந்தியடித்தது. தரையில் கால் பட்டதும் மடங்கி விழுந்தான். அவனைப் பிடித்து மரத்தடியில் சாய்த்து நானும் உட்கார்ந்தேன். மேட்டுப்பக்கம் பிஷ்கேவின் குரல் கேட்டது. "இங்க இருக்கோம்!" என்று கத்தினேன். சுற்றிலும் மரங்களிலிருந்து ஆரஞ்சு உருவங்கள் இறங்கி, பனிக்குள் எங்களை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தன. சிலர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் போர்வையைப் பிரித்தார்கள். ஒருவன் ஐவரின் மணிக்கட்டைப் பிடித்து, "உங்க பேர் சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டான்.

"இரு" என்றான் ஐவர். "இவன் சொல்லிக்கிட்டு இருக்கான்."

பிஷ்கே அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர்கள் பேசாமல் போர்வையைச் சுற்றத் தொடங்கினார்கள். நான் மாத்திரையோடு மாடியிலிருந்து இறங்கி வந்ததைச் சொன்னேன்.