பலகைக்கு அந்தப் பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கரண்டு போய் இரண்டு மணி நேரம் ஆன பிறகு, மேலப்பருத்திகுளம் பஞ்சாயத்து டிவியில் ஒரு பாட்டு வந்தது. நாலு நிமிஷம் ஓடியது. பிறகு பெட்டி கறுத்துப்போனது. அங்கே உட்கார்ந்திருந்த முப்பத்தாறு பேரும் பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் முதலில் கவலைப்பட்டார்கள். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனும் டிவி அறையின் சாவியை வைத்திருக்கிறவனுமான உச்சிமாகாளி, பின்னால் போய்ப் பார்த்தான். பிளக் சொருகப்படாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த செவ்வாயும் அதே நேரத்துக்கு அதே பாட்டு வந்தது. அன்றைக்குக் கரண்டு இருந்தது, இலங்கை ஸ்டேஷனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தியை ஒதுக்கிவிட்டுப் பாட்டு வந்தது. மூன்றாவது வாரம் நாகலாபுரத்திலிருந்தும் புதூரிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள், கடலை மிட்டாய் விற்கிறவனும் வந்தான்.

படத்தில் விளைச்சல் இல்லாத கரிசல் காடு. நடுவில் சுவர் இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கும். அங்கே மட்டும் மழை பெய்யும். ஈரச் சேலையோடு ஒருத்தி கதவைப் பார்த்து நிற்பாள். கடைசி வரைக்கும் முகம் தெரியாது, கொண்டையும் முதுகும்தான். தூரத்தில் தண்டவாளமே இல்லாமல் ஒரு ரயில் போகும். அவள் மெல்லத் திரும்பிக் கதவில் சாய்ந்து உட்காரப் போகும்போது, முகம் தெரியுமுன் படம் மாறி, வாசல்படியில் தண்ணீர் தேங்குவதைக் காட்டும். பாட்டும் நாலே வரிதான்:

காட்டு நடுவுல கதவு நிக்கி, சுவரைக் காணலியே;
கால் நனைஞ்சு வந்தவளுக்கு வாசல் திறக்கலியே;
பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு சாஞ்சிருக்கு;
அந்தச் சூட்டுலதான் எங் கூதல் தீந்துபோச்சு.

பாட்டுக்கு அர்த்தம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. செண்பகராஜ் வாத்தியார், கதவு என்பது உடம்பு, அந்தப் பெண் ஆன்மா, அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்திருப்பவர் கடவுள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டே விளக்கினார். டீக்கடை சங்கரம்மாளுக்கு ரயில்தான் கண்ணில் பட்டது. மணியாச்சியிலிருந்து நம்ம ஊர் வழியாகப் பாதை போடப்போகிறார்கள் என்று சொல்லி, பாதையோரம் வரும் என்று நம்பிய இடத்தில் கடைக்கு அஸ்திவாரமும் தோண்டிவிட்டாள். பஞ்சாயத்துத் தலைவர் தங்கச்சாமி, இது மழைக்கான குறி என்றார். அவர் பேச்சை நம்பிப் பாதி ஊர் புழுதியில் விதைத்தது. அர்த்தம் கேட்டால் வாயைத் திறக்காதவன் உச்சிமாகாளி மட்டும்தான். எனக்கு வயரைப் பற்றித்தான் தெரியும் என்பான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறையைத் திறந்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அங்கே நின்றால் படம் தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். மூன்றாவது வரி வரும்போதெல்லாம் அவன் சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்துவிடும். வியர்வை என்று அவன் பெண்டாட்டி முத்துமாரியம்மாள் நினைத்தாள். துவைக்கும்போது முகர்ந்து பார்த்தாள். மழைத்தண்ணி வாடை அடித்தது.

புரட்டாசி போய் ஐப்பசியும் பாதி போனது, ஒரு சொட்டு விழவில்லை. புழுதியில் போட்ட விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் தங்கச்சாமி, பெண்ணை விட்டுவிட்டுக் கதவை உற்றுப் பார்த்தார். அஞ்சு பித்தளைக் குமிழில் ஒன்றைக் காணோம். கீழ்மூலையில் எலி அரித்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. "ஏ, இது நம்ம மாடக்கண்ணு வீட்டுக் கதவுல்லா!" என்று கத்தினார். ஆளாளுக்கு எழுந்து, ஊர்க் கடைசியில் ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் இருந்த வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அதே கதவுதான். மாடக்கண்ணு ஆடு மேய்க்கிறவர், அறுபது வயது. அவர் மருமகள் இரண்டு வருஷத்துக்கு முன்பு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீடு போனவள், இன்னும் திரும்பவில்லை. ஊருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மழையில் வந்து நின்ற பெண்ணுக்குக் கதவைத் திறக்காத பாவம்தான் மேகத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று முடிவாயிற்று. அவர் ஆடுகளுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் கதவைக் கழற்றி எரித்துவிட்டுக் கிடையோடு ஊரைக் காலி செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் டிவி அறை முன்னால் கூட்டம் கூடியது. மாடக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாத ஆடுகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, மருமவ போனது கோடையிலங்க. மழையே கிடையாது. கதவும் நாங்க செஞ்சது இல்ல, வெலைக்கு வாங்குனது" என்றார்.

"யார்ட்ட வாங்குன?" என்று கேட்டார் தங்கச்சாமி.

மாடக்கண்ணு ஒரே ஒரு தடவை உச்சிமாகாளியைப் பார்த்துவிட்டு, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஞாபகம் இல்லீங்க அண்ணாச்சி. விடுங்க. நாங்க போயிருதோம்" என்றார்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் உச்சிமாகாளி எழுந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாடக்கண்ணு பக்கத்தில் போய் நின்றான். "அவியள விடுங்க. அது எங்க வீட்டுக் கதவு. எங்கய்யா வித்தது. அங்கன நிக்கது எங்கக்கா. பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன் நான்தான்" என்றான்.

அவன் அக்கா சொர்ணத்தாயை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாய் இல்லாத உச்சிமாகாளியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். எழுபத்திரண்டில் அவள் மணியாச்சியில் ரயில்வே கேங்மேனாக இருந்த கண்ணுசாமியோடு போனாள். கண்ணுசாமி வேறு சாதி. அப்பா நல்லக்கண்ணு, மகளைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிப் பதினாறாம் நாள் கருமாதியும் செய்தார். பாம்பும் இல்லை, பிணமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த வருஷம் ஐப்பசியில், நல்லக்கண்ணு கோவில்பட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "ஏலே உச்சி, நான்தாம்ல. ஒன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு. செத்த நேரம் உள்ள இருந்துட்டுப் போயிருதேன்" என்று குரல் கேட்டது. உச்சிமாகாளிக்கு அப்போது பத்தொன்பது வயது. தாழ்ப்பாள் வரைக்கும் கை போனது. செத்தவளுக்குக் கதவைத் திறந்தால் நீயும் செத்தவன்தான் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். வெளியே அவளும் உட்கார்ந்தாள். பலகை ஒரு நூல் அளவு உள்ளே அழுந்தியது. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவள் பிறகு தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மழை வெறித்ததும் பலகை தளர்ந்தது. ஒரு மாதம் கழித்து, காய்ச்சலில் இறந்துபோனாள் என்று கண்ணுசாமியிடமிருந்து கார்டு வந்தது. நல்லக்கண்ணு கார்டை அடுப்பில் போட்டார். அடுத்த தையில் கதவையும் மாற்றினார்.

இதையெல்லாம் உச்சிமாகாளி அங்கேயே சொல்லி முடித்தான். வாத்தியார், "அப்ப அந்தக் கடைசி வரி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கருமாதிச் சோறு தின்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யார் போய் ஊர்க்கிணற்றில் வாளியை இறக்கினார்கள் என்று தெரியவில்லை, மத்தியானத்துக்குள் ஆடுகள் தண்ணீர் குடித்தன. அந்த வருஷம் மழை பெய்யவே இல்லை. அடுத்த செவ்வாயும் அதே பாட்டு, ஒரு எழுத்து மாறாமல் வந்தது.

கார்த்திகையில் உச்சிமாகாளி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மணியாச்சிக்குப் போனான். கண்ணுசாமி ரயில்வே குடியிருப்பில் தனியாக இருந்தார், வேறு கல்யாணம் செய்யவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டார். உச்சிமாகாளி பாட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இங்கே ரேடியோவில் வருகிறது, படம் உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியாது என்றார்.

"திட்டுனாளா அத்தான்? கடைசியில என்னைய ஏதும் சொன்னாளா?" என்று கேட்டான்.

"காய்ச்சல்ல ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னா. தம்பி கதவைத் திறக்கல, ஆனா எந்திரிச்சும் போகலன்னு சொன்னா."

"அதுக்கு என்ன அர்த்தம் அத்தான்?"

கண்ணுசாமி, "பன்னிரண்டு வருசமா நானும் யோசிக்கேன். ஒரு நாள் ஒரு மாதிரி தோணும், மறுநாள் வேற மாதிரி தோணும். நீங்களும் யோசிங்க" என்றார்.

அதன் பிறகு பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கண்ணுசாமி மேலப்பருத்திகுளத்துக்கு வந்தார். முதல் தடவை சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், மூன்றாவது தடவை தங்கச்சாமியே வெற்றிலை கொடுத்தார். உச்சிமாகாளி பெட்டிக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். அர்த்தம் சொல்கிற வழக்கம் ஊரில் நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்கள் தலை சீவிக்கொண்டு, "சொர்ணத்தாய் வந்திருப்பா, வாங்கட்டி" என்று கிளம்பிப் போவார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் பெட்டியின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எண்பத்தெட்டில் பெட்டி புகைந்துபோய்க் கலர் டிவி வந்தது. அதிலும் அந்தப் பாட்டு வந்தது, கறுப்பு வெள்ளையில்.

எண்பத்தொன்பது தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முத்துமாரியம்மாள் புருஷன் பக்கம் குனிந்தாள். "ஏங்க, மதினி கொண்டையப் பாத்தீயளா? நரை விழுந்துட்டு" என்றாள்.

உச்சிமாகாளி பார்த்தான். காதோரத்தில் நாலைந்து வெள்ளை முடி, மழையில் நனைந்து கிடந்தது. "ஆமா, நாப்பத்தி மூணு வயசாவுதுல்லா" என்றான்.