இமோங்குக்கு ஒரு தகவல் படம்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமைகளில் நடந்த ஒரு வகுப்பில், பக்கத்து நாற்காலியில் கிடைத்தது. அந்த நாற்காலியில் மனாய் செலிங் உட்கார்ந்திருந்தாள். மனாய் என்றால், தமிழச்சியான நான் வந்து குடியேறிய இந்தப் பிகோல் கடலோர ஊரில், அக்கா. நீளநீளமாக எழுதாமல், படமும் நிறமும் நாலு சொல்லுமாக, பார்த்த மாத்திரத்தில் புரிகிறபடி ஒரே தாளில் விஷயத்தை அடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு. இன்ஃபோகிராஃபிக் என்பார்கள். நான் தகவல் படம் என்றே எழுதப்போகிறேன்.

"எழுதிக்கோ, நேனே. ஆனா எங்க ஆள பாவப்பட்டவரு மாதிரி எழுதுன, அப்புறம் என் வீட்டு வாசப்படிய மிதிக்காத" என்றாள். நேனே என்பது நான். அவளுக்கு இளையவள் என்பதால் வந்த பெயர்.

அதனால் என் முதல் தொடக்கத்தை அடிக்க வேண்டியதாயிற்று. அது இப்படி இருந்தது: "பேச்சையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனிதனின் நாவை விதி ஒருநாள்..."

இதை அவளுடைய மொழியில் சொல்லிக் காட்டியபோது கையிலிருந்த விசிறியால் என்னை ஒரு தட்டுத் தட்டினாள். "விதியா? ரத்தக் கொதிப்புடீ. மாத்திரைய ஜன்னல் வழியா வீசிட்டு முழுங்கிட்டேன்னு பொய் சொன்னாரு. அத எழுது."

2

எழுதுகிறேன். செலிங்கின் கணவர் மாக்சிமோ. தெருவுக்கு மனோய் இமோங், அதாவது இமோங் அண்ணன். உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி அவருடையது. கடல் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், இன்று யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டுப் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். புயல் வரும் நாட்களில் அரசாங்க அறிவிப்பைக் கேட்டு நாங்கள் நகர மாட்டோம். இமோங் குரல் கொஞ்சம் தணிந்தால்தான் மூட்டை கட்டுவோம்.

ஒரு காலையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் பாதியில் நின்றது. பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்கிறது. "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வெளிய வர்ற வழிதான் அடைச்சுப் போச்சு" என்றார் மருத்துவர்.

ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "இயோ." இந்த ஊர்ப் பிகோல் மொழியில் அதற்கு ஆமாம் என்று பொருள். வேண்டும் என்றாலும் இயோ, வேண்டாம் என்றாலும் இயோ. கோபம் வந்தால் அதையே உரக்கச் சொல்வார்.

[இந்த இடத்தில் ஒரு குறிப்பு. தமிழ்க் காதுக்கு இது 'ஐயோ' மாதிரி விழும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் விழுந்தது, பதறி எழுந்துவிட்டேன். நீங்கள் படிக்கும்போது அழுகையாகக் கேட்டுவிடாதீர்கள். மனிதர் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.]

சைகையாவது காட்டலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் விரல் நீட்டுவதில்லை. உதட்டைக் குவித்துத் திசை காட்டுவோம். அவருக்கு வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டதா, அவர் மின்விசிறியைக் காட்டினால் உதடு ஜன்னலைக் காட்டும். செலிங் போய் ஜன்னலைச் சாத்துவாள். "இயோ!" என்று கத்துவார். அவள் திறப்பாள். "இயோ!" மறுபடி சாத்துவாள்.

3

செலிங்குக்கு நகராட்சியில் பேரிடர் முன்னேற்பாட்டுப் பிரிவில் வேலை. புயல் வந்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினார்கள். அவள் தயாரித்து எடுத்துவந்த முதல் தாளை என்னால் மறக்க முடியாது. எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. அரிசி, மெழுகுவத்தி, பிறப்புச் சான்றிதழ், கோழிகளை என்ன செய்வது, எல்லாம் அதில் இருந்தன. மேலே மேயர் படம்.

ஆசிரியை ரைஸா தாளைத் தூக்கிக் காட்டினாள். சில நொடிகளில் திருப்பிவிட்டாள்.

"என்ன ஞாபகம் இருக்கு?"

மீன்வளப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் கை தூக்கினார். "மேயர் மீசை எடுத்துட்டாரு."

வகுப்பே சிரித்தது. செலிங்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"மனாய், காத்து கூரையப் பிச்சுக்கிட்டு இருக்கும்போது இத யாரு நின்னு படிப்பாங்க?" என்றாள் ரைஸா.

"எதையும் விட முடியலையே. எல்லாமே முக்கியம்ல?"

"எல்லாம் முக்கியம்னா ஒண்ணும் கண்ணுல படாது."

(ரைஸாவை நான் நம்பவில்லை. மனிதரை அல்ல, என் கதையில் வந்த ரைஸாவை. முதல் வரைவில் வாயைத் திறந்தாலே அறிவுரையாகக் கொட்டினாள். நிஜ ரைஸா ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை, சூயிங்கம் மெல்லாமல் பேசியதும் இல்லை. அவள் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன வேலை நுணுக்கங்கள். பெரிதாக இருப்பதைக் கண் முதலில் பிடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சொந்தம் என்று கண் நினைத்துக்கொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு அர்த்தம் கொடுத்தால் கடைசிவரை அதை மாற்றக் கூடாது. அவ்வளவுதான்.)

4

பேருந்தில் வீடு திரும்பும்போது செலிங்குக்கு அந்த யோசனை வந்தது. புயலுக்கு ஒரு தாள் செய்ய முடியுமென்றால் வீட்டுக்கு ஒன்று செய்யக் கூடாதா? எழுத்துத்தானே அவருக்குச் சேரவில்லை. படம் சேருமே.

அதை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். தண்ணீர்க் குவளை, சோற்றுத் தட்டு, கழிவறை, மாத்திரை, வலிக்கிற முகம், மின்விசிறி, கட்டில். குடிப்பதற்கு நீலம், உடம்புக்குச் சிவப்பு, ஓய்வுக்குப் பச்சை. நிறைய இடம் விட்டு, பெரிய பெரிய கட்டங்கள். கடையில் அச்சடித்து, நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறையும் போட்டு வந்தாள். இமோங் மடியில் வைத்துவிட்டு, முதல் தடவை பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல நின்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை விரலைச் சோற்றுத் தட்டின் மேல் வைத்தார்.

"பசிக்குதா! சொல்லிட்டாரு பாரு!" என்று அவள் சமையலறைக்கு ஓடினாள். சோறும் தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலைக் கறியும் கொண்டுவந்தாள். அவர் தட்டைத் தள்ளினார். விரல் மறுபடி தட்டுப் படத்தில்.

"கறி வேணாமா? மீன் பொரிக்கவா?"

"இயோ."

மீன் வந்தது. தள்ளினார். ரொட்டி வந்தது. தள்ளினார். விரல் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை. இப்படியே சில நாட்கள். ஒரு மதியம் கஞ்சிக் கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது.

"என்னதான்யா வேணும் உனக்கு?" என்று செலிங் கத்திவிட்டாள். "சாப்பாடு கேக்குற, குடுத்தா தள்ளுற. என்னை என்ன பண்ணச் சொல்ற? நான் ஒருத்திதானே இருக்கேன்!"

அவர் தாளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பின்கட்டுக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அந்தச் சத்தத்தில் அழுதாள்.

"அவள் கண்ணீர் தண்ணீரோடு கலந்து..." இல்லை, வேண்டாம். அழுதாள். போதும்.

5

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் அலுவலக வேலையைக் காட்டினார்கள். செலிங் மட்டும் ஓரம் மடங்கிப்போன அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ரைஸா மெல்லுவதை நிறுத்தினாள். "நல்லாத்தானே பண்ணிருக்கீங்க மனாய். செய்யும்போது அவரு பக்கத்துல இருந்தாரா?"

"தூங்கிட்டிருந்தாரு. முடிச்சுட்டுக் காட்டலாம்னு."

"காட்டுனப்ப அவரு என்ன பண்ணாருன்னு பாத்தீங்களா?"

"எங்க பாக்க? சோறு எடுக்க ஓடிட்டேன்."

"அப்ப அதத்தான் பாக்கணும். கட்டத்தையெல்லாம் வெட்டித் தனித்தனியாக் குடுங்க. அவரே அடுக்கட்டும். நீங்க வாயத் திறக்காம உக்காந்து பாருங்க."

"வாயத் திறக்காமயா? அதுக்கு நான் போய்ச் சேந்துரலாம்."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். இருபது வருஷமாக அவளைத் தெரியும். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

6

[நடந்தது ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கே இல்லை. செலிங் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். கற்பனை செய்யத் தோன்றுகிற இடங்களில் கையைக் கட்டிக்கொள்கிறேன்.]

தேவாலயத்தில் பூசைக்குப் போய்வந்து, பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து, கட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டினாள். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி அவரை அதன் முன்னால் உட்கார வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். பற்களைக் கடித்துக்கொண்டாள்.

இமோங் கழிவறையை எடுத்து ஓரத்தில் வைத்தார். மாத்திரையையும் வலிக்கிற முகத்தையும் அதன் மேலேயே கவிழ்த்தார். கட்டில் வேண்டாம், விசிறி வேண்டாம், குவளையும் வேண்டாம். மேசை நடுவே சோற்றுத் தட்டு மட்டும் மிஞ்சியது.

செலிங்குக்கு எழுந்து ஓடக் கால் துடித்தது. சோறு சூடாகத்தான் இருக்கிறது. ஓடவில்லை. பார்த்தாள்.

அவர் கண் மேசை முழுக்க எதையோ தேடிற்று. இல்லை. சுவரில் தேடிற்று. பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். விழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். 'பாத்து' என்ற சொல் தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். கதவுப் பக்க ஆணியில் அவளுடைய அலுவலக அடையாள அட்டை தொங்கியது. இடது கையால் அதை இழுத்தார். கயிறு ஆணியில் சிக்கியது. மறுபடி இழுத்தார். வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் செலிங்கின் படம், நேராகப் பார்க்கும் படம். பக்கத்தில் சோற்றுத் தட்டு. விரலால் அவள் படத்தைத் தொட்டார், தட்டைத் தொட்டார். புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நானா?" என்றாள். "நான் சாப்ட்டேனான்னா கேக்குற?"

"இயோ" என்றார் இமோங்.

ஆமாம் என்றார். நோயில் விழுந்த பிறகு முதல் தடவையாக, அந்தச் சொல் எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில் விழுந்தது.

அவர் மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு வாய், அவர் மிச்சம் வைத்ததில் நாலு வாய், சில நாள் காப்பியோடு சரி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள். அவர் படுக்கையிலிருந்து சமையலறை தெரியும்.

"சாப்ட்டேன், சாப்ட்டேன்" என்றாள், வழக்கம்போல.

அவர் அட்டையை எடுத்துச் சோற்றுத் தட்டின் மேலேயே வைத்தார். டொக் என்று.

"சரிப்பா. சாப்பிடல. போதுமா?"

எழுந்துபோய் இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

7

நான் இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ரைஸாவானால் நிறுத்தச் சொல்லியிருப்பாள். ஆனால் முடிவுகள் என்று சில எழுதி வைத்திருந்தேன். செலிங்கிடம் அவற்றையும் சொல்லிக் காட்டினேன்.

முதலாவதில் இமோங்குக்குப் பேச்சு திரும்புகிறது. வானொலி நிலையத்துக்குப் போய் அந்தக் குழந்தையின் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கிறார். "பொய்" என்றாள் செலிங். "அந்தப் புள்ளையோட அம்மா கேட்டா மனசு கஷ்டப்படும்."

இரண்டாவதில் பெரிய புயல் வருகிறது. செலிங்கின் புதிய தாள்தான் ஊரைக் காப்பாற்றுகிறது. "எதுக்குடீ எனக்காகப் புயலக் கூப்புடுற?" என்றாள். அந்தப் புதிய தாள் நிஜம். முதல் கட்டத்தில் அரிசியும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிறது. மேயர் கீழே மூலையில் நகம் அளவில் சிரிக்கிறார்.

மூன்றாவதில் அவர்... அதை அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. கிழித்துவிட்டேன்.

8

எனக்குத் தெரிந்தது இதுதான். அந்த மேசைக்குப் பதில் இப்போது ஒரு பெரிய அட்டைப் பலகை. அதில் கட்டங்களும் படங்களும் ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள், தெரு நாய், கடல், பழைய சண்டைக்காரச் சித்தப்பா, நான் எல்லாரும் அதில் இருக்கிறோம். இமோங் தினமும் அதில் வம்பு பேசுகிறார். என் படத்தைத் தெரு நாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

போன வாரம் அவர் கத்தரிக்கோலையும் வெள்ளைத் தாளையும் காட்டி ஒரு கட்டம் வெட்டித் தரச் சொன்னாராம். எதுவும் வரையாத கட்டம். அதைத் தன் படத்துக்கும் செலிங் படத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறார்.

"என்னன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்" என்றாள் அவள். "பணமா? இயோ. நன்றியா? இயோ. சண்டையா? அதுக்கும் இயோ. நம்ம கல்யாணத்தன்னைக்குப் பெஞ்ச மழையான்னேன். இயோங்குறாரு. எல்லாத்துக்கும் சிரிப்பு வேற."

நான் போயிருந்த அன்று அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இப்ப உன்னக் கேக்குறாரு, நேனே. எழுதுறவதானே நீ, சொல்லு" என்று செலிங் அரிசி களைய எழுந்து போனாள்.

நான் இரண்டு மூன்று சொற்களை யோசித்தேன். தமிழில் ஒன்று, அவர்கள் மொழியில் ஒன்று. எல்லாம் அந்தக் கட்டத்துக்குப் பெரிதாக இருந்தன, அல்லது சின்னதாக. தெரியவில்லை மனோய் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. என் தோளுக்குப் பின்னால், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

வந்திருக்கிறீர்கள்தானே? சொல்லிவிட்டுப் போங்கள். என்ன சொன்னாலும் அவர் ஆமாம் என்பார்.