திறப்புக்கு வந்தவர்

லோஜினி பூட்டுக்குள் கொண்டை ஊசியை விட்டுத் திருகினாள். ஊசிதான் வளைந்தது.

“தள்ளுங்க, அறுத்துப் போடுறன்,” என்றான் ஷப்ராஸ், கையில் ஹெக்ஸோ வாளோடு.

“தொட்டீங்கன்னா கைய ஒடிப்பேன். கெம்பஸ் தொடங்குன அன்னைக்குப் போட்ட பூட்டு. எழுபத்தஞ்சு வருஷம் தாங்குனத நீங்க அறுப்பீங்களா?”

கதவுக்குப் பின்னால், அந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் எஞ்சின். துருப்பிடித்துக் கிடந்ததை இருவரும்தான் பாடுபட்டு உயிர்ப்பித்திருந்தார்கள். இன்று திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது அது ஓட வேண்டும். இல்லாவிட்டால், ஹந்தானையிலிருந்து பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் அவளுடைய தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமே மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

சாவி துறைத் தலைவர் சுஜந்தன் சேரிடம். யாழ்ப்பாணத்துக்காரர். நேற்று வெளிநாட்டு மாநாட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: “திறப்புக்குப் பத்மாதேவி அக்காவைக் கூப்பிடும்.” கெலிஓயாவில் இருக்கும் அந்த அக்காவின் நம்பரும் தந்தார். இப்போது அவர் விமானத்தில்.

சொன்னதை லோஜினி அச்சுப் பிசகாமல் செய்திருந்தாள். “திறப்புக்கு வரணும் மேடம், கார் அனுப்புறோம்,” என்றதற்கு அந்த அம்மா, “ஓம் பிள்ளை, வாறன்,” என்றார். இதோ, கழுத்தில் மாலையோடு பத்மாதேவி. முன்னால் கண்டிய மேளம். பக்கத்தில் பல்கலைக்கழகப் பீடாதிபதி நிஸாம்.

ஷப்ராஸ் ஹெக்ஸோவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். மேளம் நின்றது.

“சேர்...” லோஜினி ஓரடி முன்னால் வந்தாள். “சாவி சுஜந்தன் சேரோடயே போயிருச்சு.”

நிஸாமின் சிரிப்பு காணாமல் போனது. பத்மாதேவி கைப்பையைத் திறந்தார்.

“ஏன் போகுது? என்னட்டைத் தந்திட்டுத்தானே போனவர். இந்தாங்கோ திறப்பு.”

அவர் விரலில் ஆடியது பித்தளைச் சாவி.

லோஜினிக்குக் காது சுட்டது. யாழ்ப்பாணத்தாருக்குச் சாவிதான் திறப்பு. வாரம் முழுக்கத் திறப்பு விழா, திறப்பு விழா என்றே அலைந்ததில் அது எப்படி மறந்தது?

ஷப்ராஸ் சாவியோடு பாய்ந்தான். சற்று நேரத்தில் உள்ளே எஞ்சின் இருமி, செருமி, தடதடவென்று ஓடத் தொடங்கியது. ஹந்தானைச் சனம் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து விசில் பறந்தது.

நிஸாம் முகமெல்லாம் மலர்ச்சியாகக் கத்தரிக்கோலை நீட்டினார். “வெட்டுங்க மேடம். நீங்க எங்கட கெம்பஸ்ல எந்த பெட்ச்?”

“நானோ?” கத்தரிக்கோல் ரிப்பன்மேல் நின்றது. “ஒரு திறப்புக் கொண்டுவாறதுக்கு இவ்வளவு மேளமோ எண்டு நானும் யோசிச்சனான் தம்பி. நான் சுஜந்தன்ர பக்கத்து வீடு.”