மாறியிருக்கு

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டராக இருந்த விஜினுக்கு எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய். அவனுடைய ரத்தத்தை ஆராய்ந்த ஆர்யாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் மறித்து, முடிவு என்ன என்று கேட்டாள் அவன் அம்மா தாசம்மாள். ஆர்யா, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வலியசாலைக்காரி. ஒரு தமிழ்க்காரியிடம் மலையாளம் எதற்கு என்று வீட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"ரத்தத்திலே வெள்ளணுவெல்லாம் மாறியிருக்கும்மா."

விழிஞ்ஞத்துத் தமிழில் மலையாளம் பாதி. அங்கே நோய் மாறியது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். தாசம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்யாவுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. திருத்திச் சொல்ல வார்டுக்கு ஓடினாள். விஜின் மட்டும் படுத்திருந்தான்.

"தீனம் மாறிச்சுன்னு அம்மை சொல்லிட்டுப் போறா. என்னவாக்கும் மாறினது, மேடம்?"

"கிருமியை விழுங்கிக் கொல்றதுதான் வெள்ளணுவோட வேலை. கொல்றதுக்கு வேண்டிய ஜீனைக் கிருமி விளக்கை அணைக்கற மாதிரி அணைச்சு வச்சிருக்கு. இப்போ அந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கு."

"வாடகையும் கிடையாது," என்றான். சிரிக்கப் போய் இருமினான். துண்டில் ரத்தம் பட்டது.

"அம்மாகிட்டே நானே சொல்லிடறேன். எங்கே அவங்க?"

"கேன்டீன்ல. என்னை இங்க சேர்த்த பெறவு இண்ணைக்குத்தான் சோறு திங்கப் போயிருக்கா. தின்னு முடிக்கட்டும்."

ஆர்யா கேன்டீன் வாசல்வரை போனாள். தாசம்மாள் இரண்டாவது முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தாள். ஆர்யா உள்ளே போகவில்லை.